நாவுலவில் ஓர் இசை இரவு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கன்ட்ரியும் ரொக்கும் கலந்த இசை நமக்குப் புதிதல்ல. 1971-ல் ஜோன் டென்வர் பாடிய 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டை இலங்கையின் சுற்றுலா பஸ்கள் எத்தனை முறை கேட்டிருக்கும் என்று சொல்லி முடியாது. கிட்டார் பிடிக்கத் தெரிந்த ஒருவன் பின் சீட்டில் இருந்தால் போதும், அந்தப் பாட்டு வந்துவிடும். அதைத் தொட்டுக்கொண்டு ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' வரும். கொழும்பில் கன்ட்ரி மியூசிக் ஃபவுண்டேஷன் சிறுவர் நலனுக்காக நடத்திவரும் நிகழ்ச்சிக்குப் பெயரே 'கன்ட்ரி ரோட்ஸ்'தான். 1988 முதல் நடக்கிறது.

நாவுல, தம்புள்ளை, மாத்தளைப் பக்கத்து இளைஞர்களுக்குக் கொழும்பு தூரம். நமக்குக் கிடைப்பது மைதானத்து மியூசிக்கல் ஷோ. முதலில் மெதுவான பாட்டுகள், நடுவில் ரொக், கடைசியில் நொன்ஸ்டொப் பைலா. கூட்டாளிமாரோடு சேர்ந்து போக இதைவிட நல்ல இரவு இந்தப் பக்கத்தில் குறைவு. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் போய் வரவே இந்தக் குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

திரும்பி வரும் வழியை முதலில் பேசி முடியுங்கள். யார் யார் வருகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதையெல்லாம் வட்ஸ்அப்பில் நாள்கணக்காகப் பேசுவோம். எப்படித் திரும்புவது என்பதை மட்டும் நடுராத்திரியில், மைதானத்து வாசலில் நின்றுதான் யோசிப்போம். நாவுல ஏ9 வீதியில் இருப்பது வசதிதான். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் இரவு பஸ்கள் அவ்வழியே போகும். ஆனால் தூர பஸ் எல்லா இடத்திலும் நிற்காது, நின்றாலும் ஏழெட்டுப் பேருக்கு இடம் இருக்காது. பொசன் காலத்தில் மிஹிந்தலைக்கும் அநுராதபுரத்துக்கும் போகும் கூட்டத்தில் அந்த வீதியே திணறும். ஆகவே வேன் ஒன்றைப் பேசிக்கொள்வது நல்லது. பேசும்போதே சாரதியிடம், "அண்ணே, ஷோ முடியுற வரைக்கும் நீங்க வண்டியில படுத்துத் தூங்குங்க, சாப்பாடு நாங்க கொண்டுவந்து தர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி கொண்டுபோயும் கொடுங்கள். நீங்கள் ஆடும் நேரம் முழுவதும் கண்விழித்துக் காத்திருந்த மனிதர்தான் விடியற்காலையில் உங்களை ஏற்றிக்கொண்டு வளைவுகளில் வண்டி ஓட்டப்போகிறார்.

நேரத்தோடு போங்கள். பேர்பெற்ற குழு கடைசியில்தான் மேடையேறும். அதற்கு முன் பாடுவது பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள். மாதக்கணக்கில் பழகி, கடன் வாங்கிய கீபோர்டோடு வந்து நிற்பவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். வெற்று மைதானத்தைப் பார்த்துப் பாடுவது எவ்வளவு கொடுமை என்பது பாடினவனுக்குத்தான் தெரியும். முன்னால் பத்துப் பேர் நின்று கைதட்டினால் அவர்கள் குரலே மாறிவிடும். என்னைக் கேட்டால், ரிக்கெட் காசில் பாதி அந்த முதல் ஒரு மணித்தியாலத்துக்குத்தான்.

சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேரெதிரே, தார்ப்பாய் போட்ட சின்னக் கொட்டில் ஒன்று இருக்கும். உள்ளே வரிசை வரிசையாகப் பொத்தான்கள் உள்ள மிக்ஸரின் முன்னால் ஒருவர் குனிந்து நிற்பார். அன்றைய இரவின் சத்தம் முழுவதையும் தன் காதுக்கு ஏற்றபடி சமன் செய்பவர் அவர்தான். அதனால் அவர் நிற்கும் இடத்தில்தான் பாட்டு முழுசாகக் கேட்கும். மேடை ஓரத்து பொக்ஸுக்கு முன்னால் போய் நின்றால் பேஸும் டிரம்ஸும் நெஞ்சில் இடிக்கும். கிட்டார் கரைந்துவிடும், பாடகரின் சொல் எதுவும் புரியாது. கன்ட்ரி-ரொக் பாட்டுக்கு அது பெரிய நட்டம். அந்த இசையின் உயிரே வழுக்கிக்கொண்டு போகும் கிட்டார் இழையிலும், கதை சொல்லும் குரலிலும்தான் இருக்கிறது. கொட்டிலருகே நிற்கும்போது அவருடைய விரல்களைக் கவனித்துப் பாருங்கள். லீட் கிட்டார் தனித்து வாசிக்கப்போகும் கணத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரல் மெல்ல மேலே தள்ளும், முடிந்ததும் கீழே இறக்கும். ஒரு பாட்டில் அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த பாட்டிலிருந்து உங்கள் காதும் அதை எதிர்பார்க்கத் தொடங்கும்.

காதுக்கு அடைப்பான் கொண்டுபோங்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணித்தியாலம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கு வகுத்த உச்ச வரம்பும், 15 நிமிடச் சராசரியாக, இதே 100 டெசிபல்தான். பார்மசியில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பானை விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பாட்டு கேட்கும், இரைச்சல்தான் குறையும். அது கிடைக்காவிட்டால் பின்னால் தள்ளி நில்லுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும்.

தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் முறையாகக் கேளுங்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினால் மேடைக்குக் கேட்காது. கேட்டாலும் வம்பாகத்தான் தோன்றும். இடைவேளையில் துண்டுக் காகிதத்தில் எழுதி அறிவிப்பாளரிடம் கொடுத்தால் போதும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், ஏ. ஈ. மனோகரன் தமிழ்நாடு வரை கொண்டுபோன 'சுராங்கனி'யும் சிங்களக் குழுக்களுக்கும் பழக்கமான பாட்டுகள். மேடையில் 'சுராங்கனி' தொடங்கும்போது மைதானத்தில் எவர் எந்த மொழிக்காரர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த நாட்டில் அப்படி ஒரு ஐந்து நிமிடம் கிடைப்பது பெரிய விஷயம், அதற்காகவே கேளுங்கள்.

பைலா தொடங்கினால் ஆடுங்கள். ஆறெட்டுத் தாளம் அடித்ததும் கால் தானாக வரும். 1970-ல் மொரட்டுவையில் தொடங்கிய ஜிப்சீஸ் குழுவும், 2021-ல் மறைந்த அதன் பாடகர் சுனில் பெரேராவும் ஒரு தலைமுறைக்கே இதைப் பழக்கிவிட்டார்கள். செருப்பை மட்டும் வேனில் விட்டுவிட்டு சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். மிதிபட்ட புல் ஈரத்தில் வழுக்கும்.

வானத்தைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமழை இந்தப் பக்கத்தில் வழக்கம். புத்தாண்டு ஷோக்கள் நடப்பதும் அதே ஏப்ரலில்தான். இடி கேட்டால் மரத்தடிக்கோ, மேடைச் சாரத்துக்கோ, பொக்ஸ் கட்டிய இரும்புக் கோபுரத்துக்கோ ஓடாதீர்கள். கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி மூடிய வேனுக்குள்ளோ போய்க் கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் இருங்கள்.

செய்யக்கூடாதவை

குடித்தவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். "மச்சான், நான் ஸ்டெடி" என்று அவன் எத்தனை முறை சொன்னாலும் சரி. கோபித்துக்கொண்டால் காலையில் சமாதானம் செய்துகொள்ளலாம். கூட்டத்தில் 21 வயதாகாத தம்பிமார் இருந்தால் அவர்கள் கையில் போத்தலே போகக் கூடாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு விற்பது குற்றம்.

பாட்டு முழுவதும் போனை உயர்த்திப் பிடிக்காதீர்கள். பிடித்த இடத்தில் அரை நிமிடம் எடுங்கள், போதும். பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளைக்கு மேடை தெரியட்டும். கன்ட்ரி இரவு என்று அகலத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தவர்களும் முன் வரிசையில் அதைக் கழற்றிவிடுங்கள்.

பெண்களைத் தொல்லை செய்யாதீர்கள், செய்கிறவன் உங்கள் கூட்டாளி என்றால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நெரிசலில் கை படுவதும், வேண்டுமென்றே உரசுவதும் வேறு வேறு என்று எல்லோருக்கும் தெரியும். தண்டனைச் சட்டக்கோவையின் 345-ஆம் பிரிவின்படி பாலியல் தொல்லைக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அக்கா தங்கச்சிமாரை ஷோவுக்கு அனுப்ப வீடுகள் தயங்குவதற்குக் காரணம் இசையல்ல, நாம்தான். அவர்களும் முன்னால் வந்து பயமில்லாமல் ஆடும் மைதானம்தான் நல்ல மைதானம். அந்தப் பொறுப்பை ஏற்பாட்டாளர்கள் தலையில் மட்டும் போட முடியாது. ஒருவன் எல்லை மீறினால் அவன் தோளில் கை போட்டுக் கூட்டத்துக்கு வெளியே கூட்டிப்போங்கள். அடங்காவிட்டால் பொலிஸிடம் சொல்லுங்கள், இலக்கம் 119.

ஷோவை நிறுத்தும்போது சண்டைக்குப் போகாதீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007-ல் உத்தரவிட்டது. விசேஷ நிகழ்ச்சிக்கு விலக்குக் கிடைத்திருந்தால் அதன் முடிவு நேரம் அனுமதியில் இருக்கும். மைதானத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

எலஹெர, மொரகஹகந்தப் பக்கத்துக்கு நடுராத்திரியில் மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள். அங்கே யானை நடமாட்டம் உண்டு, இருட்டில் கிட்டப் போகும்வரை தெரியாது. அந்தப் பக்கத்துக் கூட்டாளிகளை அன்றிரவு நாவுலவிலேயே யாராவது வீட்டில் தங்க வையுங்கள். பாய் விரிக்க இடமில்லாத வீடு எது? யாருக்காவது அடிபட்டாலோ மயக்கம் வந்தாலோ 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.

காதில் 'கொய்ங்' என்று இரைவதை அலட்சியம் செய்யாதீர்கள். ஷோ முடிந்த இரவு இரைந்து, தூங்கி எழும்பியதும் அடங்கினால்கூட காது தாங்க முடியாததைத் தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த சில நாளைக்கு இயர்போன் வேண்டாம். இரண்டு நாளாகியும் இரைச்சல் நிற்காவிட்டால், அல்லது ஒரு பக்கக் காது மட்டும் மந்தமாகக் கேட்டால், தள்ளிப்போடாமல் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.