முதுமையும் உயிர்ச்சத்து மாத்திரையும்

ஆரணி என்றவுடன் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரே பலர்க்கும் நினைவிற்கு வரும். யாம் ஈண்டுக் கருதும் ஆரணி அஃதன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஊராகும். இளைஞர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்ல, முதியோர் வீடு காத்திருத்தல் இப்பக்கத்தில் இயல்பு. அம்முதியோர்க்குச் சோர்வோ, மூட்டுவலியோ, கால் மரத்துப்போதலோ உண்டாயின், மருந்துக்கடையிற் ‘சத்து மாத்திரை’ வாங்கி உண்பதே எளிய வழியாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வழி தக்கதா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

உயிர்ச்சத்துக்கள் உடலுக்கு மிகச் சிறிதளவே வேண்டப்படுவன. எனினும் அவையின்றி உடல் நலம்பெறாது. இவற்றிற்கு ‘விட்டமின்’ என்னும் பெயரை 1912-ஆம் ஆண்டிற் காசிமிர் ஃபங்க் என்பார் இட்டனர். நம் நாட்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1918-இல் குன்னூரில் தொடங்கிய உணவாராய்ச்சியே வளர்ந்து, பின்னர் ஐதராபாத்திற்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. நல்லுணவே இச்சத்துக்களுக்கு முதல் ஊற்று என்பதில் ஐயமில்லை.

ஆயின், முதுமையில் நல்லுணவும் சிலவிடத்துப் போதாதாகும். பி12 என்னும் சத்தை நோக்குக. நாளொன்றுக்கு வேண்டும் அளவு, ஒரு கிராமைப் பத்து இலட்சங் கூறாக்கின், அவற்றுள் இரண்டு மூன்று கூறேயாம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் அஃதுளது. கீரையிலும் தானியத்திலும் இல்லை. உணவின் புரதத்தினின்று அதனைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். மூப்பில் அவ்வமிலம் பலர்க்குக் குறைதலின், மீன் உண்பார்க்கும் இக்குறை நேரலாம். மாத்திரையிலுள்ள பி12 புரதத்தொடு பிணைந்திராமையின், உடல் அதனை எளிதில் ஏற்கும். இதுபற்றியே அமெரிக்க நாட்டு மருத்துவ நிறுவனம் 1998-இல், ஐம்பது வயது கடந்தோர் இச்சத்தைப் பெரும்பாலும் மாத்திரையாலோ, சத்தூட்டிய உணவாலோ பெறுக என்று கூறிற்று. நீரிழிவிற்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் உண்பாரும் இதனைக் கருதல்வேண்டும். அம்மருந்தும் பி12 உடலிற் சேர்வதைக் குறைக்கும்.

ஈண்டு ஓர் இடர் உளது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், 1928 முதற் பம்பாயிற் கருவுற்ற மகளிரின் சோகைநோயை ஆராய்ந்து, ஈஸ்ட்டுச் சாரத்தால் அது தீர்வதைக் கண்டனர். அவ்வாராய்ச்சியின் வழியே பின்னர் அறியப்பட்டது ஃபோலிக் அமிலம். அரிய மருந்தாகிய அதுவே, பி12 குறைந்தார்க்குத் தனித்து அளிக்கப்படின், சோகை நீங்கி நலம்போலத் தோன்றும். நரம்பின் கேடோ உள்ளே வளர்ந்துகொண்டே செல்லும். காலங் கடப்பின் அக்கேடு மீளாது போதலும் உண்டு. பாட்டியின் கால் மரத்துப்போதலை ‘வயதாயிற்று’ என்று விட்டுவிடுவதாலும், பெயரறியா மாத்திரையால் மூடுவதாலும் வரும் இழப்பு இஃதே.

டி என்னும் சத்து வெயிலாற் தோலில் உண்டாவது. மூத்த தோல் அதனைக் குறைவாகவே ஆக்கும். வீட்டினுள்ளே கிடப்பார்க்கு இன்னுங் குறையும். குறையுடையார்க்கு மாத்திரை நன்மை செய்யும். ஆயினும், அமெரிக்காவில் இருபத்தையாயிரவர்க்கு மேற்பட்ட நடுவயதினர், முதியோரிடம் நடத்தி, முடிவு 2022-இல் வெளியிடப்பட்ட சோதனையில், குறையுளதா என்று பாராது பொதுவாக டி கொடுத்தமையால் எலும்புமுறிவு குறைந்திலது. மேலும், ஏ, டி இரண்டும் உடலில் தேங்குவன; அளவு மிகின், முன்னது ஈரலையும் பின்னது சிறுநீரகத்தையும் கெடுக்கும். குருதி உறையாதிருக்க வார்ஃபரின் உண்பார், மருத்துவரைக் கேளாது கே சத்தைச் சேர்த்தல் ஆகாது.

ஆதலின், மாத்திரையை வெறுத்தலும் பிழை. எல்லார்க்கும் எல்லாம் என்று கொள்ளுதலும் பிழை. குறையை அறிந்து, அக்குறைக்குரியதை, உரிய அளவில் உண்பதே முறை. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரமும் முதலில் உணவின் அளவைப் பேசிப் பின்னரே, நோயின் காரணத்தை ஆராய்ந்து மருத்துவஞ் செய்யும் முறையைக் கூறுதல் காண்க.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள்! நும் இல்லத்து முதியோர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒருங்கெடுத்து, அவர்களுடன் மருத்துவரிடஞ் செல்லுங்கள். கால் மரத்துப்போதலையும் தள்ளாட்டத்தையும் மறவாது சொல்லுங்கள். இரத்தச் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தாய் தந்தையரைக் கனம்பண்ணுதல் பத்துக் கற்பனைகளுள் ஒன்று. அவர்க்காக ஒருநாட் பொழுதை இவ்வாறு செலவிடுதலும் அக்கற்பனையின்பாற் படுவதேயாம்.