கண்ணாடிக்குள் இன்னொருத்தி

கேள்வி: ‘லாஸ்ட் நைட் இன் சோஹோ’ படத்தில் நாயகி கண்ணாடி முன் நின்றால் வேறொரு பெண் தெரிகிறாள். இவள் அசைந்தால் அவளும் அசைகிறாள். எல்லாம் கிராபிக்ஸ்தானே?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். படத்தில் கிராபிக்ஸே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்கும் காட்சிக்கு அஸ்திவாரம் தச்சு வேலையும் ஒத்திகையும்தான்.

எட்கர் ரைட் இயக்கி 2021இல் வந்த படம் இது. ஃபேஷன் படிக்க லண்டன் வரும் எலோயிஸ் (தாமசின் மெக்கன்சி), தூக்கத்தில் 1960களின் சோஹோவுக்குப் போய்விடுகிறாள். அங்கே பாடகியாகத் துடிக்கும் சாண்டிக்கு (ஆன்யா டெய்லர்-ஜாய்) இவள்தான் பிம்பம்.

இருவரையும் தனித்தனியே எடுத்து ஒட்டியிருக்கலாமே என்று தோன்றும். நம் பழைய இரட்டை வேடப் படங்களில் அதைத்தான் செய்தார்கள். அதற்கு ‘மாஸ்க் ஷாட்’ என்று பெயர்: லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறை, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பது. அதற்கு கேமரா ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். இந்தப் படத்திலோ கேமரா வழுக்கிக்கொண்டே போகிறது. தவிர, தனித்தனியே நடித்தால் ஒருத்தியின் பார்வைக்கு மற்றவள் அந்தக் கணமே பதில் சொல்லவும் முடியாது.

அதனால் படத்தில் வரும் ‘கஃபே டி பாரி’ இரவு விடுதியின் முகப்புக் கூடத்தை இரண்டாகக் கட்டினார்கள். நடுவில் இருப்பது வெறும் சட்டம், கண்ணாடியே கிடையாது. அந்தப் பக்கம் அதே கூடம், இடவலம் மாறி. ஆளுக்கொரு பக்கம் நின்று இரு நடிகைகளும் ஒரே தாளத்தில் அசைகிறார்கள். கண்ணாடி இல்லாததால் கேமராவின் பிம்பமும் விழாது. கோட்டு வாங்கி வைக்கும் ஊழியருக்கும் பிம்பம் வேண்டுமே? ஹாரி பாட்டர் படங்களில் வீஸ்லி சகோதரர்களாக வந்த இரட்டையர் ஜேம்ஸ், ஆலிவர் ஃபெல்ப்ஸ் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

நடனக் காட்சியில் இருப்பது ‘டெக்சாஸ் ஸ்விட்ச்’, அதாவது வெட்டே இல்லாமல் ஓடும் ஷாட்டுக்குள் ஆளை மாற்றுவது. ஜாக்காக வரும் மேட் ஸ்மித் ஆடிக்கொண்டே இருக்க, கேமரா சுற்றி வருகிறது. ஒருத்தி அதன் பார்வையிலிருந்து நழுவ, மற்றவள் அதே அடவில் வந்து சேருகிறாள். படமெடுப்பவர் மாட்டியிருப்பது ‘ஸ்டெடிகேம்’, நடந்தாலும் படம் குலுங்காமல் காக்கும் கருவி. அவரும் இங்கே ஓர் ஆட்டக்காரர்தான். ஓர் அடி பிந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

உத்தி பழையது. 1933இல் வந்த ‘டக் சூப்’ படத்தில் மார்க்ஸ் சகோதரர்கள் கண்ணாடியில்லாத சட்டத்தின் முன் ஆடிச் சிரிக்க வைத்தார்கள். அங்கே, பிம்பம் எப்போது பிசகும் என்று காத்திருந்து சிரிக்கிறோம். இங்கே, அது பிசகாமல் நம்மையே பார்ப்பதால் பயப்படுகிறோம். எதிரே இருப்பது உயிருள்ள ஒருத்தி என்பதைக் கண் எப்படியோ கண்டுகொள்கிறது.

அடுத்த முறை நடனக் காட்சியில் ஜாக்கின் முகத்தை விட்டுவிட்டு, திரையின் ஓரங்களைக் கவனியுங்கள். ஆள் மாறும் இடம் ஒன்றாவது உங்களுக்குப் பிடிபடும்.