புரொஜெக்டர் எந்த நாட்டுடையது?

கேள்வி: என் காரில் எச்4 ஹாலஜன் விளக்கு. ஜெர்மனி காரிலிருந்து கழற்றிய பை-செனான் புரொஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறது. பழைய வயரிலேயே இணைக்கலாமா?

பதில்: வயருக்கு முன் ஒளியைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அங்குள்ள புரொஜெக்டரின் ஒளிக்கோடு வலப்புறம் மேலேறும். நம் சாலையில் வலப்புறத்தில்தான் எதிர்வண்டி வருகிறது. அந்த ஓட்டுநரின் கண் கூசிப்போகும். ஜப்பான் அல்லது பிரிட்டன் சந்தைக்கான புரொஜெக்டரே இங்கு ஏற்றது.

இனி வயர். செனானில் டங்ஸ்டன் இழை கிடையாது. வாயுவுக்குள் மின்வில்லே ஒளிர்கிறது. அதைப் பற்றவைக்க பாலஸ்ட் 20,000 வோல்ட்டுக்கு மேல் எழுப்பும். பிறகு 35 வாட்டில் நிதானமாக எரியும். ஆனால் தொடக்க நொடிகளில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். பழைய மெல்லிய வயர் அதற்குரியதல்ல. எனவே பாட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே. பழைய வயர் ரிலேவைத் தூண்டினால் போதும்.

பலர் சறுக்கும் இடம் ஹைபீம். எச்4 இணைப்பில் ஹைபீம் போட்டதும் லோபீம் மின்சாரம் நின்றுவிடும், செனானும் அணைந்துவிடும். மறுபடி பற்றி முழு ஒளிக்கு வரச் சில நொடிகள் ஆகும். இரவில் அது ஆபத்து. ஆகவே இரண்டு சிக்னலில் எது வந்தாலும் ரிலே இயங்கும்படி டையோடு வைத்து இணைக்க வேண்டும். புரொஜெக்டருக்குள் ஒளியை மறைக்கும் தடுப்புத் தகட்டை இறக்கும் சோலினாய்டுக்கு மட்டும் ஹைபீம் சிக்னல் போகட்டும்.

புரொஜெக்டரே இல்லாமல் ஹாலஜன் கிண்ணத்தில் செனான் பல்பை மட்டும் செருகுவதை அறவே தவிர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் சுவரெதிரே காரை நிறுத்தி, இரு ஒளிக்கோடுகளையும் சரிபார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள்.