அந்தக் குஞ்சு அனாதை இல்லை

சித்திரை பிறந்ததும் எங்கள் வீட்டு வாசலுக்கு அட்டைப்பெட்டிகள் வரத் தொடங்கும். செருப்புப் பெட்டி, ஸ்வீட் பெட்டி, ஒருமுறை எவர்சில்வர் தூக்குவாளிகூட வந்தது. உள்ளே இறகு முளைக்காத சிட்டுக்குருவிக் குஞ்சோ, வாயை அகலத் திறந்து கத்தும் மைனாக் குஞ்சோ கிடக்கும். கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். "ஆன்ட்டி, பால் குடுத்தோம், குடிக்கவே மாட்டேங்குது" என்பார்கள். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசையும். பல வருஷங்களுக்கு முன்பு, பஞ்சைப் பாலில் நனைத்து ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சின் வாயில் பிழிந்தவள் நான். அன்றிரவே அது செத்துப்போனது. அதைக் கொன்றது என் அறியாமை என்று ஒரு கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான், குஞ்சுகளைப் பற்றி நாம் நம்புகிறவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

"மனுசக் கை பட்டுட்டா தாய் சேத்துக்காது."

கூட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டிய எத்தனையோ குஞ்சுகளை இந்தப் பேச்சு அட்டைப்பெட்டிக்குள் தள்ளியிருக்கிறது. நம் தெருப் பறவைகள் தம் குஞ்சை மோப்பம் பிடித்துத் தள்ளிவைப்பதில்லை. கூடு இருக்கும் இடம், குஞ்சின் குரல், திறந்த வாயின் நிறம், இவைதான் அவற்றை இழுக்கும். காகத்தைப் பாருங்கள். குயில் இட்டுப்போன முட்டையிலிருந்து வந்த குஞ்சையே ஊட்டி வளர்க்கிறது. அந்தக் காகமா உங்கள் விரல் பட்டதற்காகத் தன் பிள்ளையை ஒதுக்கிவிடும்?

கூடு கைக்கெட்டினால் குஞ்சை அதிலேயே வைத்துவிடுங்கள். கூடு சிதைந்திருந்தால் சிறிய குஞ்சுக்கு ஒரு கொட்டாங்குச்சி போதும். மைனா, காகம் என்றால் சின்னப் பூக்கூடை. மழைத் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இருக்கட்டும். காய்ந்த புல்லையும் தேங்காய் நாரையும் பரப்பி, அதே மரத்தில், வெயில் படாத கிளையில் இறுகக் கட்டுங்கள். பிறகு செய்ய வேண்டியதுதான் கடினமானது: அங்கிருந்து போய்விட வேண்டும். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் தாய் இறங்காது. வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக ஒன்றிரண்டு மணி நேரம் கவனியுங்கள். போன வருஷம் எங்கள் முருங்கை மரத்தில் இப்படிக் கட்டிய கொட்டாங்குச்சிக்கு நாற்பது நிமிஷத்தில் அலகில் பச்சைப் புழுவோடு தாய் வந்தது. அதற்குள் நான் மூன்று முறை வெளியே போகப் பார்த்து என்னையே அடக்கிக்கொண்டேன்.

"பறக்கத் தெரியாம கீழ விழுந்து கிடக்கு."

உடம்பு முழுக்க இறகு, கட்டை வால், தத்தித் தத்தி ஓட்டம். இப்படி இருந்தால் அது விழுந்த குஞ்சு இல்லை, கூட்டை விட்டுத் தானாக இறங்கியது. கொண்டைக்குருவி, மைனா, காகம் எல்லாமே சில நாட்கள் தரையிலும் புதரிலும் திரிந்துதான் பறக்கப் பழகும். பெற்றோர் பக்கத்திலிருந்து ஊட்டும். நாய், பூனை வராமல் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் அருகிலுள்ள புதர்மேல் தூக்கி வைத்தால் போதும். வானத்தை நோக்கி எறிந்து பறக்கப் பழக்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

காகம் தலையில் கொத்தினால் சனி பிடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. கோடையில் காகம் உங்கள் தலையைக் குறிவைத்தால் சுவரோரமாகப் பாருங்கள், அதன் குஞ்சு அங்கே உட்கார்ந்திருக்கும். சில நாளைக்குக் குடை பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தால் சரியாகிவிடும்.

"பாவம், முதல்ல தண்ணி ஊத்து."

உயிர் அதிகம் போவது இங்கேதான். பறவையின் நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழாயின் வாய் திறந்தபடி இருக்கிறது. சொட்டுச் சொட்டாக நீங்கள் விடும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகலாம். கூட்டிலிருக்கும் குஞ்சுக்குத் தாய் தனியாகத் தண்ணீர் புகட்டுவதில்லை, புழுவிலிருக்கும் ஈரமே போதும். பால் அதைவிடக் கெடுதல். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைக்கு இல்லாததால் வயிற்றுப்போக்கில் வற்றிவிடும். புறா தன் குஞ்சுக்குப் பால் ஊட்டும் என்பது உண்மை. ஆனால் அது அதன் தொண்டைப் பையில் சுரக்கும் தயிர் போன்ற ஒன்று, மாட்டுப் பாலுக்கும் அதற்கும் உறவில்லை. சோறும் பிஸ்கட்டும்கூட வேண்டாம். தானியம் தின்னும் சிட்டுக்குருவியே தன் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் தேடிக் கொண்டுவருகிறது.

முதலில் வேண்டியது கதகதப்பு. இறகில்லாத குஞ்சால் தன் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது, குளிர்ந்துபோன வயிற்றில் எதுவும் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குஞ்சு நகர்ந்துகொள்ள இடம் இருக்கும். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். உதவி கிடைக்க நேரமாகும், குஞ்சும் கதகதப்பாகி இரை கேட்டு வாயைத் திறக்கிறது என்றால், பூச்சி தின்னும் இனத்துக்குத் தண்ணீரில் ஊறவைத்து மசித்த பூனை உணவைப் பட்டாணியைவிடச் சிறிய உருண்டையாக வைக்கலாம். இது அவசரத்துக்கு மட்டும். இறகு முளைக்காத குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இருபது, முப்பது நிமிஷத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டியிருக்கும். வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்குமா?

"பூனை கவ்வுச்சு, ஆனா காயமே இல்ல."

ஊசி குத்தியது போன்ற பல் தடம் இறகுக்குள் தெரியாது. பூனை எச்சிலிலுள்ள கிருமி ஓரிரு நாளில் குஞ்சைக் கொன்றுவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

"வளத்து, பெருசானதும் விட்டுடலாம்."

கண் திறந்ததும் பார்க்கும் முகத்தைத் தாயாகக் கொள்ளும் வழக்கத்தை வாத்துக் குஞ்சுகளிடம் விரிவாக ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எல்லாப் பறவையும் வாத்து அளவுக்கு இல்லைதான். ஆனாலும் தோளில் உட்கார்ந்து வளர்ந்த ஒற்றை மைனா வெளியே போனதும் யார் கையிலும் போய் இறங்கும். பூனை எது, பருந்து எது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. இறைச்சியை மட்டும் ஊட்டி வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் எலும்பு வளைந்தும் போகும்.

சட்டமும் இருக்கிறது. நம் நாட்டுக் கிளியோ மைனாவோ வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, கைவசமான காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். குஞ்சைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு இது தொந்தரவில்லை, உதவி கிடைக்கும் வழி.

இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி, அடிக்கடி கேட்பது. பொழுது சாய்ந்த பிறகு குஞ்சு கிடைத்தால்? பகலில் திரியும் இந்தப் பறவைகள் இரவில் ஊட்டுவதில்லை, ஆகவே நீங்களும் ஊட்ட வேண்டாம். காற்றுத் துளையிட்ட பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரித்து, கதகதப்பாக, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வெளிச்சம் வரும் முன்பே பெட்டியோடு குஞ்சு கிடைத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். விடிந்ததும் தாய் முதலில் தேடி வருவது அங்கேதான்.