தலைக்காயமும் காலை வெளிச்சமும்

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட என் தம்பிக்குத் தையல் பிரித்த பிறகும் அசதி மட்டும் விடவில்லை. பகலெல்லாம் தூங்கி வழிவான், ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருப்பான். ஸ்கேன் நார்மல். அதனால் சொந்தக்காரர்கள் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். மூளை அதிர்ச்சிக்குப் பின் தூக்கம் தாறுமாறாவது சகஜம் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னபோதுதான் வீட்டில் பேச்சு ஓய்ந்தது.

ஒளி சிகிச்சை பற்றி அவரிடம்தான் கேட்டோம். இதில் இரண்டு வகை. ஒன்று, அகச்சிவப்பு ஒளியை மண்டைக்கு வெளியிலிருந்து செலுத்துவது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் தலைக்கவசம் போன்ற கருவியை மாட்டிச் சோதித்தார்கள். 68 பேரைச் சேர்த்த அந்த ஆய்வு 2020-ல் வெளியானது. பாதுகாப்பானது, ஸ்கேனில் மாற்றம் தெரிகிறது என்றார்கள். ஆனால் நோயாளிகளின் தொந்தரவு குறைந்ததற்கு உறுதியான நிரூபணம் கிடைக்கவில்லை. ஆன்லைனில் விற்கும் ஹெல்மெட்டுகளுக்குப் பணம் கொடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காலையில் கண்ணில் படும் நீல வெளிச்சம். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் கில்கோர் குழு, லேசான மூளைக்காயம் பட்டவர்களைத் தினமும் காலையில் அரைமணி நேரம், ஆறு வாரம் விளக்கின்முன் உட்காரவைத்தது. மஞ்சள் விளக்கின்முன் இருந்தவர்களைவிட நீல விளக்குக்காரர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, ராத்திரி சீக்கிரம் தூக்கம் வந்தது. உடல் கடிகாரத்தைத் திருப்பிவைக்கிற வேலை இது, காயத்தை ஆற்றுவதல்ல.

நாங்கள் விளக்கு வாங்கவில்லை. மொட்டை மாடி வெயிலே போதும் என்றார் மருத்துவர். வெயில், வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு பிரகாசம். முக்கியம் நேரம்தான்: எழுந்ததும், தினமும் ஒரே நேரத்தில். சூரியனையோ விளக்கையோ நேராகப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் பட்டாலே தலை வலித்தால் நிழலில் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். ராத்திரி போனை வாங்கி வைத்துவிடுங்கள் (தம்பியோடு சண்டை வந்தது இதற்குத்தான்). விழித்திரைக் கோளாறு, இருமுனை மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விளக்கைத் தொட வேண்டாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

இப்போது தம்பி மத்தியானம் படுப்பதில்லை. மறதி மட்டும் இன்னும் இருக்கிறது.

இதெல்லாம் காயம் ஆறிய பிறகான கதை. அடிபட்ட புதிதில் தூக்கம் கூடிக்கொண்டே போனாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.