துறையைப் பார்த்துச் சேருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கிவிடும். மதிப்பெண் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவும் மகளும், அம்மாவும் மகனும் வருவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" நான் பிள்ளையைப் பார்த்துத் திருப்பிக் கேட்பேன்: "நீ என்ன படிக்கப் போறே பாப்பா?" அதற்குப் பதில் வந்த பிறகுதான் கல்லூரியைப் பற்றிப் பேச்சு.

காரணம் இதுதான். கல்லூரியின் பெயர் நுழைவாயிலில் இருக்கிறது. பிள்ளை மூன்று ஆண்டு இருக்கப்போவது ஒரு துறையில். ஒரே வளாகத்தில் வணிகவியல் துறை செழித்திருக்கும், விலங்கியல் துறை ஆளில்லாமல் தவிக்கும். சர் சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் படித்தது 1840-இல் தொடங்கிய சென்னை மாநிலக் கல்லூரி. அப்துல் கலாம் இயற்பியல் படித்தது 1844-இல் தொடங்கிய திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி. இந்தப் பெருமைகள் உண்மையானவை, நானும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் பிள்ளை சேரும் துறையில் இந்த ஜூலையில் வகுப்புக்கு யார் வருவார் என்பதை அவை சொல்லா.

தமிழ்நாட்டில் கலை அறிவியல் படிப்புக்கு நான்கு வாசல்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, அதே கல்லூரியின் சுயநிதிப் பிரிவு, முழுக்கச் சுயநிதியில் நடக்கும் கல்லூரி. இவற்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்துவிட்டுப் பின்னால் விழிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அரசுக் கல்லூரிக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பம். மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை போடுவார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். மொத்த மதிப்பெண் குறைந்திருந்தாலும் தமிழில் நன்றாக எடுத்த பிள்ளைக்கு நல்ல அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் கிடைப்பது இதனால்தான். 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கட்டணம் மிகக் குறைவு, பேருந்துப் பயண அட்டையும் இலவசம். நிரந்தரப் பேராசிரியர்கள் நெட், செட் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டத் தகுதியோடு வந்தவர்கள். குறை எங்கே என்றால், காலிப் பணியிடங்களில். பல துறைகளில் பாதி வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் சுமக்கிறார்கள். அவர்களில் மிக நன்றாகக் கற்பிப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அடுத்த ஆண்டும் அவர்கள் அங்கே இருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே துறைத்தலைவரிடம் நிரந்தர ஆசிரியர் எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

உதவி பெறும் கல்லூரியில், நாம் பேச்சில் 'எய்டட்' என்று சொல்லும் பிரிவில், ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. கட்டணம் அரசுக் கல்லூரிக்குப் பக்கத்தில் நிற்கும். சென்னை கிறித்தவக் கல்லூரி, லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, பாளையங்கோட்டை செயின்ட் சேவியர்ஸ் போன்ற பழைய கல்லூரிகளில் இந்தப் பிரிவு உண்டு. அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு இப்படியொரு இடம் கிடைத்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள் என்றே சொல்வேன். ஆனால் அதே கட்டடத்தில், பெரும்பாலும் மதிய ஷிப்டில், சுயநிதிப் பிரிவும் நடக்கும். பட்டம் ஒன்று, நூலகம் ஒன்று. கட்டணம் பல மடங்கு. ஆசிரியர்களும் வேறு, அவர்களுக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி பழைய பெயரை நம்பி இப்படிச் சேர்ந்தாள். ஒரே தாளை ஒரே ஆண்டில் மூன்று பேர் மாறி மாறி நடத்தினார்கள். அந்தத் தாளில் அவளுக்கு அரியர். அவள் மந்தமான மாணவி இல்லை. ஆகவே சேர்க்கைச் சீட்டில் 'எய்டட்' என்றிருக்கிறதா சுயநிதியைக் குறிக்கும் 'எஸ்.எஃப்.' என்றிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முழுச் சுயநிதிக் கல்லூரிகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கக் கூடாது. பி.சி.ஏ., தரவு அறிவியல், காட்சித் தொடர்பியல் போன்ற புதிய படிப்புகள் அங்கேதான் அதிகம். பேருந்து வீட்டு முனைக்கு வரும், விடுதியும் இருக்கும். ஆனால் இவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. இன்னொரு சங்கதி: புதுப் பெயரோடு வரும் பட்டம், பழைய பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருந்தால்தான் ஆசிரியர் பணிக்கும் தேர்வாணையப் பணிக்கும் சிக்கலின்றிச் செல்லும். பிள்ளைக்கு பி.எட். எண்ணம் இருந்தால் இணைத்தன்மை அரசாணையின் எண்ணைச் சேரும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஆய்வகம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அறிவியல் படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஆய்வகத்தைத் திறந்து காட்டுவார்கள். கண்ணாடி அலமாரியில் நிறமாலைமானிகள் பளபளக்கும். பளபளப்பைப் பார்க்காதீர்கள், அதன் திருகைத் தொட்டுப் பாருங்கள். நாள்தோறும் கைபட்ட கருவியில் பூச்சு தேய்ந்திருக்கும், திருகு இலகுவாகச் சுழலும். சோடியம் விளக்கு எத்தனை என்று எண்ணுங்கள். அது சூடேறி முழு மஞ்சளாக எரியச் சில நிமிடங்கள் ஆகும். ஒரு விளக்கைச் சுற்றி நான்கு கருவிகளை வைத்து நான்கு மாணவர் தனித்தனியே அளவெடுக்கலாம். விளக்கு ஒன்றே ஒன்று, மாணவர் முப்பது பேர் என்றால் ஒருவர் அளவெடுப்பார், மற்றவர் பார்த்து எழுதுவார். பார்த்து எழுதியவனுக்கு நியூட்டன் வளையம் கடைசிவரை பிடிபடாது. வேதியியல் ஆய்வகத்தில் மூக்கே போதும்: உப்புப் பகுப்பாய்வு நடக்கும் இடத்தில் ஒரு நெடி இருந்தே தீரும். புகை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையும் பாருங்கள். தாவரவியல் என்றால் தோட்டமும் உலர்தாவரத் தொகுப்பும். இதில் தாம்பரத்தில் இருக்கும் கிறித்தவக் கல்லூரிக்கு வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காத வசதி ஒன்று உண்டு: 365 ஏக்கர் வளாகத்தில் இயற்கையாகவே ஒரு புதர்க்காடு இருக்கிறது. கணினி ஆய்வகத்தில் எத்தனை கணினி என்று கேட்காதீர்கள், இன்றைக்கு எத்தனை ஓடுகிறது என்று கேளுங்கள்.

ஆய்வகத்தைவிட நம்பகமான சாட்சி, இரண்டாமாண்டு மாணவனின் ரெக்கார்ட் நோட்டு. ஒரு செமஸ்டரில் எத்தனை சோதனை செய்தான், எல்லார் நோட்டிலும் ஒரே அளவீடு இருக்கிறதா என்று புரட்டினால் தெரிந்துவிடும். நான் திருத்திய காலத்தில், அளவீட்டில் கொஞ்சம் பிழை இருக்கும் நோட்டுக்குத்தான் மனதுக்குள் முதல் மதிப்பெண் போடுவேன். அவன் உண்மையாகச் செய்திருக்கிறான் என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆசிரியர்களை அறிய இன்னொரு வழி, பலருக்குத் தெரியாதது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கும். அதில் ஒவ்வோர் ஆசிரியரின் தகுதி, அனுபவம் எத்தனை மாதம், எப்போது சேர்ந்தார் என்ற பட்டியல் இருக்கும். பாதிப் பேர் சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் என்றால் ஆசிரியர்கள் அங்கே நிலைப்பதில்லை என்று பொருள். அதே தாளில், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதும் இருக்கும். வழவழப்பான சேர்க்கைக் கையேட்டை விட இந்தப் பக்கங்கள் பயன் தரும்.

கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு தரும் தரத்தையும் பார்க்கலாம், ஆனால் எந்த ஆண்டு பெற்றது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். தரம் வழக்கமாக 5 ஆண்டுக்குத்தான் செல்லும். 2017-இல் வந்த நாக் முறையில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்கு 1000 மதிப்பெண்ணில் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு ஆகியவற்றுக்கு 350. கட்டடம் முதலான வசதிகளுக்கு 100. பெற்றோர்கள் பல நேரம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறோம்.

தன்னாட்சிக் கல்லூரியா, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் நடக்கும் கல்லூரியா? தமிழ்நாட்டில் லயோலா, கிறித்தவக் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி போன்றவை 1978-இலேயே தன்னாட்சி பெற்றவை. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும்; பாடத்திட்டமும் வினாத்தாளும் தேர்வும் கல்லூரியின் கையில். நல்ல துறையிடம் இந்த உரிமை இருந்தால் பாடம் காலத்தோடு நகரும், தேர்வு முடிவு சீக்கிரம் வரும். உழைக்காத துறையிடம் இருந்தால் நடத்திய பத்து கேள்வியே தேர்விலும் வரும், மதிப்பெண் மட்டும் குவியும். கடந்த இரண்டு ஆண்டு வினாத்தாள்களை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். கேள்விகள் அப்படியே திரும்பி வந்திருந்தால் வேறு கல்லூரி தேடலாம்.

மொழிப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம். முதன்மைப் பாடம் மூன்றாம் பகுதிதான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தது நமக்குத் தெரிந்த கதை. கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழி படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இன்றும் அந்த ஆபத்து உண்டு. முதல் செமஸ்டரில் இணைப்பு வகுப்பு நடத்துகிறார்களா என்று கேளுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்து, அரசுப் பணிக்கான குரூப் தேர்வுகளைக் குறிவைக்கும் பிள்ளையாக இருந்தால், பட்டத்தையும் தமிழ்வழியிலேயே முடிப்பதில் ஓர் ஆதாயம் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு, 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பட்டம் கேட்கும் பணிகளுக்குப் பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருந்தால்தான் கிடைக்கும். அரசுக் கல்லூரிகளில் பல படிப்புகள் இரண்டு வழியிலும் நடக்கின்றன.

செலவைக் கணக்கிடும்போது கல்விக் கட்டணத்தோடு பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம், சீருடை எல்லாவற்றையும் மூன்று ஆண்டுக்கும் கூட்டிப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் உண்டு. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்ததும் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கும் தூரம், பாதுகாப்பு எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஆர்வமே இல்லாத படிப்பில் சேர்த்துவிடுவது மகளுக்குச் செய்யும் அநியாயம். மதியம் மூன்று மணிக்கு ஆய்வகம் முடிந்தால் ஊருக்குப் பேருந்து உண்டா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல துறைக்காக இன்னும் முக்கால் மணி நேரம் பயணம் என்றால் அனுப்பி வையுங்கள்.

என் தீர்ப்பு இது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்றால் முதலில் உதவி பெறும் பிரிவு, அடுத்து அதே பாடத்தில் முதுகலையும் நடக்கும் அரசுக் கல்லூரி. முதுகலை இருக்கும் துறையில் கருவியும் ஆசிரியரும் கூடுதலாக இருப்பார்கள். தமிழ், வரலாறு, பொருளாதாரம் என்றால் அரசுக் கல்லூரிக்கே என் ஓட்டு. வணிகவியல், கணினி என்றால் நான்கு வகையையும் திறந்த மனதோடு பாருங்கள். எதில் சேர்ப்பதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒருமுறை அந்தத் துறைக்குப் போய்விட்டு வாருங்கள். கோடை விடுமுறையிலும் சேர்க்கைப் பணிக்காக ஆசிரியர் ஒருவராவது அங்கே உட்கார்ந்திருப்பார்.