ஆராய்ச்சி மாணவரும் ஊராரும்

கல்வியின் பயன் கற்றவரோடு நின்றுவிடலாகாது என்பது நாம் பலகாலும் கேட்டறிந்ததே. அவ்வுண்மை எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் எவ்வாறு விளங்குகின்றது என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

இந்தியாவில் அக்கிருமியை முதன்முதற் கண்டறிந்தவர் ஒரு மாணவியே. 1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்பார், தம் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் தூண்ட, பாலியல் தொழிலிற்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த மாதரிடம் இரத்தம் பெற்றார். கையுறையும் அவருக்கில்லை. தம் இல்லத்துக் குளிர்பெட்டியில் மாதிரிகளைக் காத்து, இரவுப் புகைவண்டியிற் காட்பாடி சேர்ந்து, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கச் செய்தார். ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் புலனாயிற்று.

இவ்வரிய செயலிலும் ஒரு குறை உண்டு. எந்நோயை நாடி இரத்தம் எடுக்கப்படுகின்றது என்பது அம்மாதர்க்கு உரைக்கப்படவில்லை. இதனை நிர்மலா அவர்களே பின்னாளில் மறையாது கூறினார். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமோ, உணர்ந்தளித்த இசைவின்றி ஒருவரைச் சோதித்தலும் ஆராய்ச்சிக்கு உட்படுத்தலும் ஆகாவென விதிக்கின்றது.

ஆயினும் இசைவென்பது கையொப்பம் மட்டுமன்று, நம்பிக்கையின் விளைவாகும். நம்பிக்கையோ ஒரு நாளிற் பிறப்பதன்று. ஆதலின் இத்துறையில் முனைவர்ப் பட்டத்திற்குப் பயில்வோர்க்குப் பொருளுதவி இன்றியமையாதது. அமெரிக்க நாட்டுத் தேசியச் சுகாதார நிறுவனம் 1988-இல் தொடங்கிய எய்ட்ஸ் ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டம், பிறநாட்டு மாணவர்க்கு இவ்வுதவியை நல்கிற்று. உதவித்தொகை மாணவரின் உணவிற்கு மட்டுமன்று. ஊராரோடு அமர்ந்து கேட்டற்கு வேண்டும் காலத்திற்கும் விலையாகும்.

ஓர் உதாரணம் காண்க. அரசாங்க மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்து 2004 முதல் இலவசமாக வழங்கப்படுகின்றது. எனினும் மரக்காணத்து உப்பளத்தில் நாட்கூலிக்கு உழைப்பவர் ஒருவர் மருந்து பெறச் சென்றால் அன்றைய கூலியை இழப்பர். பெரிய முதலியார்சாவடிக் கரையில் மீன் விற்கும் பெண்ணொருத்தி, அண்டை வீட்டார் அறிவரோ என்றஞ்சி மருந்தகத்தின் பக்கமே செல்லாதிருக்கலாம். இவ்விருவரும் மருந்தை விடுவதன் காரணத்தை இரத்தச் சோதனை காட்டுமோ? அவரே சொல்லக் கேட்டாலன்றி அறிய இயலாது. கேட்டறிந்த பின்னர், வினாவை அமைப்பதிலும் அவரைத் துணைகொள்ளல் வேண்டும். முடிவையும் அவர்தம் மொழியிலேயே அவர்க்கு மீள உரைத்தல் வேண்டும். நலத்திற் சமன்மை என்பது இதுவே.

மாணவ நண்பர்காள்! உங்களுள் யாரேனும் நாளை இப்பணிக்குச் செல்லின், பட்டம் உங்களுடையதாயினும், அதற்கு ஆதாரமான குருதி பிறருடையதென்பதை மறவாதிருப்பீராக.